குறையறிந்து உழைக்கும் நொதி

வயல் என்றால் வரப்பு வேண்டும். வரப்பு இல்லாத நிலத்தில் பாய்ச்சிய நீர் நில்லாது. இட்ட எரு தங்காது. விதைத்தவன் பயன் பெறான். ஆயினும் வரப்பு என்பது நாற்புறமும் அடைத்து நிற்கும் வெறுந்தடுப்பு அன்று. வேண்டும்போது நீரை உள்ளே விடுவதற்கும், மிகுந்தபோது வெளியே வடிப்பதற்கும் அதில் மடைகள் உண்டு. மழையில் கரைந்தும், நண்டு வளைதோண்டியும் வரப்பு நாள்தோறும் சிதையும். ஆதலின் நல்ல உழவன் தோளில் மண்வெட்டியுடன் வரப்பைச் சுற்றிவந்து, எங்கே மண் குறைந்துள்ளதோ அங்கே மண்ணிட்டு அணைப்பான். குறைந்த இடத்தில் இடுவதும், நிறைந்தபின் நிறுத்துவதுமே அவனது திறமை.

நம் உடலும் இத்தகைய எண்ணிறந்த வயல்களால் ஆகியது. அவ்வயல்களை உயிரணுக்கள் என்று அறிஞர் வழங்குவர். உயிரணு, கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. எனினும் அதற்கும் ஒரு வரப்பு உண்டு. மென்படலம் என்பது அதன் பெயர். உயிரணுவின் உள்ளே இருக்கும் நீரையும், அந்நீரில் கரைந்துள்ள பொருள்களையும், புறத்தே உள்ள நீரிலிருந்து பிரித்து வைப்பது இம்மென்படலமே. உணவு புகுவதற்கும் கழிவு நீங்குவதற்கும் இதில் பல வாயில்கள் அமைந்துள்ளன. இது சிதைந்தால் உயிரணு மாயும். இத்துணை இன்றியமையாத வரப்பு எப்பொருளால் ஆகியது? அதைக் கட்டுவது எது? அதில் குறை நேர்ந்தால், குறையை அறிந்து நிறைவு செய்வது எது? இவ்வினாக்களுக்கு அறிஞர் கண்ட விடைகளை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் வரப்பின் மண்ணைப் பார்ப்போம். உள்ளும் புறமும் நீர் நிறைந்த இடத்தில், நீரில் கரையாத பொருளால்தான் வரப்புக் கட்ட இயலும். எண்ணெயும் நெய்யும் நீரில் கரையா. ஆனால், அவை துளிகளாய்த் திரண்டு மேலே மிதந்துவிடுமேயன்றி, நீரினிடையே சுவராய் நில்லா. இவ்விடர்ப்பாட்டை நீக்கும் பொருள் ஒன்று, நாம் நன்கு அறிந்த கோழிமுட்டையின் மஞ்சட்கருவில் மிகுதியாக உள்ளது. பிரெஞ்சு நாட்டு மருந்தியல் அறிஞராகிய கோப்லே என்பவர், முட்டையின் மஞ்சட்கருவை ஆராய்ந்து, பாஸ்பரஸ் அடங்கிய கொழுப்புப் பொருள் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1850-இல் அதற்கு லெசித்தின் என்று பெயரும் இட்டார்.

லெசித்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தலை ஒன்றும் வால் இரண்டும் உள்ளன. பாஸ்பேட்டும் கோலின் என்னும் பொருளும் இணைந்தது தலை. அது நீரை நாடும். கொழுப்பு அமிலங்களால் ஆகியவை வால்கள். அவை நீரை வெறுத்து விலகும். இவ்வாறு பாஸ்பேட்டைத் தலையிற்கொண்ட கொழுப்புப் பொருள்களைப் பாஸ்போலிப்பிடுகள் என்பர். நம் உயிரணுக்களின் மென்படலங்களில் உள்ள பாஸ்போலிப்பிடுகளுள் ஏறத்தாழப் பாதி லெசித்தினே ஆகும்.

ஒரே மூலக்கூறு ஒருபுறம் நீரை நாடியும் மறுபுறம் நீரை வெறுத்தும் நிற்குமாயின், அது நீரில் எந்நிலையில் அமைதி பெறும்? மூலக்கூறுகள் இரண்டு வரிசைகளாக அணிவகுத்து, வால்களை நடுவில் ஒடுக்கிக்கொண்டு, தலைகளை இருபுறத்து நீரையும் நோக்கி நிறுத்துகின்றன. இதனால் ஈரடுக்குப் படலம் ஒன்று தானே உருவாகின்றது. 1925-இல் ஆலந்து நாட்டு அறிஞராகிய கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், குருதியின் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, அதை நீரின்மேல் ஒரு மூலக்கூறு கனத்தில் பரப்பி அளந்தனர். அப்பரப்பு, அவ்வணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இருந்தது. ஆகவே, மென்படலம் ஈரடுக்காக இருத்தல் வேண்டும் என்று அவர்கள் முடிவு கூறினர். அவர்களுடைய அளவீட்டில் சில பிழைகள் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. எனினும் முடிவு நிலைபெற்றுவிட்டது. ஒரு மில்லிமீட்டரை 2,00,000 கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே இப்படலத்தின் கனம். அத்துணை மெல்லிய வரப்பே நம் உயிரைக் காத்து நிற்கின்றது!

இவ்வரப்பு, ஒருமுறை கட்டி முடித்துவிடும் மதில் அன்று. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மென்படலமும் இருமடங்காக வளர்தல் வேண்டும். நம் எலும்பின் உள்ளீட்டில் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதியனவாகத் தோன்றுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் படலம் வேண்டும். படலத்திற்கு லெசித்தின் வேண்டும். இதனை இடையறாது ஆக்கித் தரும் பணியாளரே நொதிகள். மாவு புளிப்பதையும் பழச்சாறு பொங்குவதையும் நொதித்தல் என்கின்றோம் அல்லவா? அம்மாற்றங்களை நிகழ்த்தும் பொருள்களை ஆராயப்போய் அறியப்பட்டமையின், இவை நொதி என்னும் பெயர் பெற்றன. நொதி என்பது பெரும்பாலும் புரதத்தால் ஆகியது. அது ஒரு பொருளை மற்றொரு பொருளாக விரைந்து மாற்றும். ஆனால் தான் செலவாகிவிடாது. ஒரு நொதிக்கு ஒரு தொழில் என்பது பொதுவிதி.

லெசித்தினை ஆக்கும் நொதிகள் யாவை? அவை எம்முறையில் அதனை ஆக்குகின்றன? 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இவ்வினா விடையின்றி இருந்தது. அப்போது அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் யூஜீன் கென்னடி என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்துவந்தார். அவருடன் சாமுவேல் வைஸ் என்பவரும் இணைந்து உழைத்தார். எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிகளோடு, பாஸ்பேட்டு ஏறிய கோலினைச் சேர்த்து, அது லெசித்தினாக மாறுகின்றதா என்று அவர்கள் பார்த்தனர். இம்மாற்றத்திற்கு ஆற்றல் வேண்டும். உயிரணுக்களில் ஆற்றலை வழங்கும் பொருள் ஏ.டி.பி. என்பது. எனவே அதனையும் கலவையில் இட்டனர்.

அங்கே ஒரு புதிர் தோன்றிற்று. ஏ.டி.பி. அந்நாளில் இருவகையாகக் கிடைத்தது. ஒன்று, நன்கு தூய்மை செய்யப்பட்ட படிகம். மற்றொன்று, தூய்மை குறைந்த தூள். தூய படிகத்தை இட்டபோது லெசித்தின் உண்டாகவில்லை. தூய்மை குறைந்த தூளை இட்டபோதோ உண்டாயிற்று! தூயது பயன்படவில்லை, மாசுடையது பயன்பட்டது. இவ்விந்தை, ஆய்வில் நேர்ந்த தவறாக இருக்கலாம் என்று எண்ணி ஒதுக்கிவிடுவது எளிது. வேண்டிய விடையைத் தந்த தூளையே மேலும் மேலும் பயன்படுத்தி, அமைதி அடைந்துவிடுவது அதனினும் எளிது. கென்னடியும் வைஸும் இவ்விரண்டனுள் ஒன்றையும் செய்யவில்லை. தூய பொருள் செய்யாததைத் தூய்மை குறைந்த பொருள் செய்யுமாயின், தொழில் செய்வது ஏ.டி.பி. அன்று, அதனோடு கலந்துள்ள மாசே என்று அவர்கள் உய்த்துணர்ந்தனர். அம்மாசு யாது என்று தேடத் தொடங்கினர்.

தேடிய பொருள் அகப்பட்டது. ஏ.டி.பி.யைப் போன்ற அமைப்பினதாய், சைட்டிடின் என்னும் கூற்றினை உடையதாய் விளங்கும் சி.டி.பி. என்னும் பொருளே அது. தூய சி.டி.பி.யை இட்டதும் லெசித்தின் உண்டாயிற்று. ஒரு சிட்டிகைத் தூளில் ஒளிந்திருந்த சிறு மாசு, உயிரணுக்களின் பெருமறை ஒன்றை வெளிப்படுத்திவிட்டது. 1956-இல் இவ்வுண்மையை இருவரும் உலகிற்கு அறிவித்தனர். கண்டுபிடித்தவர் பெயரால் இவ்வாக்க முறை இன்றும் கென்னடி வழி என்றே வழங்கப்படுகின்றது.

இவ்வழி மூன்று படிகளை உடையது. முதற்படியில், ஒரு நொதி கோலினுடன் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றது. இரண்டாம் படியில், மற்றொரு நொதி அப்பொருளைச் சைட்டிடினுடன் பிணைக்கின்றது. அப்போது சி.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளில் இரண்டு கழன்றுபோகின்றன. மூன்றாம் படியில், பிறிதொரு நொதி கோலின் பாஸ்பேட்டைச் சைட்டிடினிடமிருந்து விடுவித்து, இரு வால்களை உடைய டைகிளிசரைடு என்னும் கொழுப்பின்மேல் தலையாகப் பொருத்துகின்றது. லெசித்தின் முற்றுப்பெறுகின்றது. நாணில் பூட்டாத அம்பு தானே பாயாது. நாணில் பூட்டி வில்லை வளைத்தபின்னரே பாயும். அவ்வாறே, கோலின் பாஸ்பேட்டு தானே கொழுப்போடு சேராது. சைட்டிடினில் பூட்டப்பட்டபின்னரே சேரும். அதனைப் பூட்டித்தரும் இரண்டாம் படியின் நொதிக்குச் சைட்டிடைல் மாற்று நொதி என்று பெயர். இப்பாடத்தின் தலைவன் அந்நொதியே.

மூன்று நொதிகளுள் இதற்கு மட்டும் தலைமை ஏன் எனில், பெரும்பாலும் இதன் படியே மூன்றனுள் மெதுவானது. வரிசையில் நின்று கைமாற்றிச் செங்கல் தருவோருள், மெதுவாகத் தருபவன் எவனோ, அவனுடைய வேகமே வேலையின் வேகம் ஆகும். எனவே இந்நொதி விரைந்தால் லெசித்தின் பெருகும், ஓய்ந்தால் குறையும். அவ்வாறாயின், விரையவேண்டிய நேரத்தையும் ஓயவேண்டிய நேரத்தையும் இதற்குக் கூறுவது யார்?

வியப்பு இங்கேதான் உள்ளது. இதற்கு எவரும் கட்டளை இடவேண்டுவதில்லை. மென்படலத்தின் குறையே இதனை அழைக்கின்றது. லெசித்தின் போதிய அளவு இருக்கும்போது, இந்நொதி படலத்தைச் சேராமல் உயிரணுவின் நீர்ப்பகுதியில் தனித்து ஓய்ந்திருக்கும். அதன் உடலின் ஒரு பகுதியே அதன் தொழிலைத் தடுத்து நிறுத்தியிருக்கும். படலத்தில் லெசித்தின் குறையும்போது, சிறுதலை உடைய பிற கொழுப்புகள் அங்கே மிகுகின்றன. தலைகள் சிறுத்தலால் அவற்றினிடையே இடைவெளிகள் தோன்றுகின்றன. நொதியின் உடலில் ஒரு பகுதி, ஒரு பக்கம் நீரை நாடுவதாயும் மறுபக்கம் கொழுப்பை நாடுவதாயும் அமைந்துள்ளது. தடுத்து நிறுத்தும் பகுதியும் அதுவே. படலத்தில் இடைவெளி கண்டதும் அப்பகுதி திருகுசுருளாய் முறுகி அதில் போய்ப் பதிகின்றது. தடை நீங்குகின்றது, நொதி விழித்துத் தொழில் தொடங்குகின்றது. லெசித்தின் பெருகிப் படலம் நிறைந்ததும், இடைவெளி அடைகின்றது. நொதி படலத்தைவிட்டு விலகி மீண்டும் ஓய்கின்றது. வரப்பின் உடைப்பைக் கண்டு வந்து, மண்ணிட்டு அணைத்து, வேலை முடிந்ததும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு அமரும் உழவனை இது ஒத்தது அன்றோ?

இந்நொதி இன்றேல் என்ன ஆகும் என்பதையும் அறிஞர் சோதித்து அறிந்தனர். ஹாம்ஸ்டர் என்னும் எலிபோன்ற விலங்கின் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றுள் இந்நொதி வெப்பத்தைத் தாங்காத ஒருவகையை அவர்கள் தெரிந்தெடுத்தனர். 33 பாகை வெப்பத்தில் அவ்வணுக்கள் இடரின்றி வளர்ந்து பெருகின. வெப்பத்தை 40 பாகைக்கு உயர்த்தியதும் நொதி செயலற்றது; லெசித்தின் ஆக்கம் தடைப்பட்டது; அணுக்களும் மாய்ந்தன. இந்நொதியின் முதன்மையான வகையை அறவே இழந்த சுண்டெலிக் கருக்கள், தாயின் கருப்பையில் ஒட்டும் முன்னரே அழிந்துபோவதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உயிர் தொடங்கும் பொழுதிலேயே இதன் துணை வேண்டப்படுகின்றது என்பது இதனால் தெளிவாகும்.

உயிர் தொடங்குவதற்கு மட்டுமா? பிறந்த குழந்தை விடும் முதல் மூச்சுக்கும் இந்நொதியின் உழைப்பு வேண்டும். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்பூச்சு படர்ந்திருக்கும். நீரின் பரப்பு எப்போதும் சுருங்க முயல்வது; இதனைப் பரப்பு இழுவிசை என்பர். இவ்விசையைத் தடுக்காவிடின், மூச்சை வெளியே விடுந்தோறும் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் திறக்கக் குழந்தை பெருமுயற்சி செய்ய நேரும். இத்துன்பம் நேராவண்ணம், நுரையீரலின் தனிவகை உயிரணுக்கள் ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரந்து நீர்ப்பூச்சின்மேல் பரப்புகின்றன. அப்பொருளின் பெரும்பகுதி லெசித்தினே. அதனை ஆக்குவதும் கென்னடி வழியே.

தாயின் வயிற்றில் உள்ள குழந்தைக்கு மூச்சுவிடும் தேவை இல்லை. ஆதலின் இப்பொருள் பேறுகாலத்தை ஒட்டிய வாரங்களில்தான் போதிய அளவு சேர்கின்றது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் அது போதாது. அக்குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கு இக்குறைவே காரணம் என்பதை, மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவரும் ஜெரி மீடு என்பவரும் 1959-இல் கண்டறிந்தனர். நோயின் காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. 1963 ஆகஸ்டுத் திங்களில், அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு ஐந்து வாரங்களுக்கும் மேலாக முந்திப் பிறந்த ஆண்குழந்தை, இரண்டு நாள் நிறையுமுன் இந்நோயால் உயிர்நீத்தது. நாட்டின் தலைவர்க்குரிய செல்வமும் செல்வாக்கும், ஒரு துளி லெசித்தினை அச்சிறு மார்பினுள் உண்டாக்க வல்லவாயினவல்ல.

நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர், ஆடுகளைக் கொண்டு பேறுகாலத்தை ஆராய்ந்துவந்தார். கருவில் இருக்கும்போதே ஒருவகைச் சுரப்புப்பொருள் செலுத்தப்பட்ட குட்டி ஒன்று, மிகவும் முந்திப் பிறந்தும் மூச்சுவிட்டதை அவர் கண்டார். அதன் நுரையீரல் எதிர்பாராத அளவு விரிந்திருந்தது. இதனைச் சிறு செய்தி என்று அவர் விட்டுவிடவில்லை. ஹவி என்னும் குழந்தை மருத்துவருடன் சேர்ந்து, குறைமாதத்தில் ஈனும் நிலையில் இருந்த 282 தாய்மாரிடம் ஆய்வு நடத்தினார். பேற்றுக்கு முன்னரே அம்மருந்தினைப் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே, மூச்சுத்திணறலும் இறப்பும் குறைந்தமை 1972-இல் வெளியாயிற்று. அம்மருந்து கருவின் நுரையீரலில் சைட்டிடைல் மாற்று நொதியின் செயலை மிகுவிக்கின்றது என்பதைப் பின்னர் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. உறங்கும் பணியாளை உரிய நேரத்துக்கு முன்னரே எழுப்பிவிடும் வழியை மருத்துவர் கண்டுகொண்டனர். 1980-இல் ஜப்பான் நாட்டு மருத்துவர் புஜிவாராவும் அவர் குழுவினரும், மாட்டின் நுரையீரலிலிருந்து ஆக்கிய சுரப்புப்பொருளைக் குறைமாதக் குழந்தைகள் பதின்மரின் மூச்சுக்குழலில் செலுத்திப் பயன் கண்டதை அறிவித்தனர். இன்று இவ்விரு முறைகளும் உலகின் பல நாடுகளில் எண்ணற்ற பச்சிளங் குழந்தைகளைக் காத்துவருகின்றன.

நொதி எத்துணைத் திறமை உடையதாயினும், பொருளின்றித் தொழில் செய்ய இயலாது. கோலின் போதாவிடில் லெசித்தின் ஆக்கம் குன்றும். கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பை லெசித்தின் போர்வையில் பொதிந்தே குருதியில் அனுப்புவது. போர்வை இல்லையேல் கொழுப்பு அங்கேயே தேங்கிவிடும். கோலின் இல்லாத உணவால் விலங்குகளின் கல்லீரலில் கொழுப்புத் தேங்குவதையும், கோலின் கொடுத்தால் அது நீங்குவதையும், இன்சுலின் ஆய்வில் புகழ்பெற்ற சார்லஸ் பெஸ்ட் என்பவர் 1930-ஆம் ஆண்டுகளிலேயே காட்டினார். நம் உடல் கோலினைச் சிறிதளவே ஆக்க வல்லது; எஞ்சியதை உணவே தருதல் வேண்டும். முட்டை, மீன், பால், பயறுவகைகள், சோயா மொச்சை ஆகியவற்றில் இது உள்ளது.

கென்னடி 1919-இல் பிறந்து 2011-இல் மறைந்தார். அவர் தூய்மை குறைந்த ஒரு தூளை ஆராய்ந்தபோது, குறைமாதக் குழந்தைகளைக் காக்கப் புறப்பட்டவர் அல்லர்; ஒரு சிறு முரண்பாட்டின் காரணத்தை அறியவே முயன்றார். ஆயினும், அவர் கண்ட வழியே பிற்காலத்தில் அக்குழந்தைகளின் மூச்சை விளக்கும் அறிவாக மலர்ந்தது. எதிர்பாராத விளைவைக் கண்டு முகம் சுளிக்காது, அதன் காரணத்தை நாடுவோர்க்கே இயற்கை தன் மறைகளைத் திறந்து காட்டுகின்றது.

நாம் உறங்கும்போதும் அச்சிறு நொதி நம்முள் விழித்திருக்கின்றது. எங்கே குறை என்று பார்த்து அங்கே செல்கின்றது. குறை தீர்ந்ததும் விலகி நிற்கின்றது. வேண்டும்போது உதவுவதும், வேண்டாதபோது ஒதுங்குவதும் உயிர்களின் வாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அவ்வுழவன் நமக்கு நாள்தோறும் காட்டிக்கொண்டிருக்கின்றான்.

பயிற்சி

1. மென்படலத்தை வயலின் வரப்போடு ஒப்பிடக் காரணம் என்ன?

2. லெசித்தின் மூலக்கூறின் தலையும் வால்களும் நீரில் எவ்வாறு அணிவகுக்கின்றன? அதனால் விளைவது யாது?

3. தூய ஏ.டி.பி. பயன்படாது, தூய்மை குறைந்தது பயன்பட்டமையிலிருந்து கென்னடியும் வைஸும் உய்த்துணர்ந்தது என்ன?

4. சைட்டிடைல் மாற்று நொதி எப்போது உழைக்கின்றது? எப்போது ஓய்கின்றது? விளக்குக.

5. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறுவது ஏன்? அவர்களைக் காக்க அறிஞர் கண்ட வழிகள் யாவை?

6. ‘எதிர்பாராத விளைவும் அறிவின் வாயிலே’ என்பது குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.